அம்மா குளிக்கிறாள்

ஜாசின், மலாக்கா
14 மார்ச் 2024

மாப்பிள்ளை ஹாபிஸ் அவர்களுக்கு மாமா பாலகிருஷ்ணன் எழுதுவது.

இங்கு நலம், அங்கு நலமா என்று தொடங்க வேண்டிய இடம் இது. அந்த வரியை எழுத இந்த முறை கை வரவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் அத்தை கமலவேணி போய்விட்ட செய்தியை உங்கள் அத்தா திங்கட்கிழமையே போனில் சொல்லிவிட்டார். தேவியிடம் மூச்சு விட வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான். நீங்கள் அழுததாகவும், அந்நிய நாட்டில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளிடம் எப்படி மறைப்பது என்று கேட்டதாகவும் சொன்னார். நியாயமான கேள்விதான். போனில் பேசினால் நான் உடைந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அவள் கண்ணில் படக்கூடாது என்று உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

எங்களில் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம். பெற்ற தாயே ஆனாலும் பிரசவம் முடியட்டும் என்று வைத்திருப்போம். தேவி வயிற்றில் இருந்தபோது கமலவேணியின் அப்பா தோட்டத்தில் இறந்தார். நான்கு மாதம் அவளிடம் மறைத்தோம். அவர் லோரியில் வேலைக்குப் போகிறார், பினாங்கில் இருக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னோம். அதே பொய்யை இப்போது அவள் மகளிடம் சொல்கிறேன். செப்டம்பர் வரைக்கும்தான், மாப்பிள்ளை. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தா இதற்குச் சம்மதிக்கவில்லை. "மௌத்த மறைக்கக் கூடாதுலா சம்பந்தி, பிள்ளைக்குத் தெரிஞ்சாத்தான துஆ கேக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை செர்காம் கடலில் அஸ்தி கரைக்கப் போனோம். அன்று அவருக்கு முதல் நோன்பு. கடையை அடைத்துவிட்டு வந்து, கொளுத்துகிற வெயிலில் மணலில் நின்றார். தண்ணீர்கூடக் குடிக்காத மனிதரை நிழலுக்குப் போங்கள் என்றால் கேட்கவில்லை. உங்கள் அம்மா ரபியா புதுச் சட்டி வாங்கி, அதில் சைவமாகச் சமைத்து மூன்று நாளும் கொடுத்தனுப்பினார். இந்தக் குடும்பத்தைத்தான் கமலவேணி மூன்று வருடம் வாசற்படி ஏற விடவில்லை. தேவி உங்களைக் கட்டிக்கொண்டு ஹானா என்று பெயர் மாற்றிக்கொண்ட நாளிலிருந்து, மகளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இதையெல்லாம் மனதில் வைக்காமல் வந்து நின்றவர்களுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளியலறையில் விழுந்தாள். ரத்தக் கொதிப்பு, மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். எத்தனை மணிக்கு விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். அதை மட்டும் நீங்களும் கேட்காதீர்கள்.

தேவி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடட்டும். நான் வழக்கம்போலப் பேசுவேன். அம்மா எங்கே என்று கேட்டால் மூன்று வருடமாகச் சொல்கிற பதிலையே சொல்வேன். அவளுக்குச் சந்தேகம் வராது.

அவளைப் படியேற விடாதீர்கள், கனமான எதையும் தூக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும்
பாலகிருஷ்ணன்


ஜாசின்
2 ஜூன் 2024

என் கண்ணு தேவிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. கையில் தூக்கினால் அம்மிக்கல் கனம். பியர் பொன்னார் என்ற இந்த பிரெஞ்சு ஓவியரை எனக்கு முன்பின் தெரியாது. நாற்பது வருடம் நில அலுவலகத்தில் எல்லைக்கோடு வரைந்தவனுக்கு இப்படிப்பட்டவரை அனுப்பி வைத்தாயே, உனக்கு ரொம்பத்தான் குசும்பு! முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கோடும் நேராக இல்லை. மேஜை சாய்கிறது, ஜன்னல் சாய்கிறது, குளியலறைத் தரையில் ஓடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. என் அலுவலகத்தில் யாராவது இப்படி வரைந்து வந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஆனால் புத்தகத்தை மூட முடியவில்லை. மனிதர் திரும்பத் திரும்ப ஒரே வீட்டையும், ஒரே சாப்பாட்டு மேஜையையும், குளித்துக்கொண்டிருக்கும் மனைவியையுமே வரைந்திருக்கிறார். அந்த அம்மாளுக்கு ஏதோ உடம்புக்கு முடியாமல் மணிக்கணக்காகத் தொட்டியில் கிடப்பார்களாம். நூற்றுக்கணக்கான படங்கள். உட்கார வைத்து வரைகிற பழக்கமும் இல்லையாம். சின்னத் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு ஞாபகத்திலிருந்து வண்ணம் போடுவாராம். அம்மாளுக்கு அறுபது தாண்டிய பிறகும் படத்தில் முப்பது வயதுதான். மார்த் என்று கூப்பிட்ட பெண்ணின் நிஜப் பெயர் வேறு என்பது கல்யாணப் பதிவின்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். அதற்குள் சேர்ந்து வாழ்ந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார் போல.

நானும் ஒரு வாட்டர் கலர் பெட்டி வாங்கி ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. நம் வீட்டுக் குளியலறையைத்தான் வரைகிறேன். நீல வாளி, சிவப்புக் குவளை, அம்மா மஞ்சள் உரசும் கல், அந்தக் கல்லைச் சுற்றிச் சுவரில் பிடித்திருக்கும் மஞ்சள் கறை. உனக்குத் தெரியுமே, எத்தனை பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இப்போது நான் அதைத் தேய்ப்பதில்லை. அம்மாவை முதுகுப்பக்கமாக வரைந்திருக்கிறேன். முகம் வரவில்லை. உட்கார் என்று சொன்னால் உட்காருகிறவளா உன் அம்மா? நானும் ஞாபகத்திலிருந்துதான் வரைகிறேன்.

அம்மா சௌக்கியம். கால் வீக்கம் இப்போது இல்லை. டுரியான் பழ சீசன் ஆரம்பித்துவிட்டது, கொதிப்புக்கு ஆகாது என்று நான் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பவானேஸ்வரி கோவிலுக்குக் கூப்பிட்டாள், நாங்கள் போகவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்து அனுப்புகிறாய். போன மாதம் நீ எழுதியதை நான் படித்தேன். "அம்மா, ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பழைய பேரா இருந்தாலும் சரி, புதுப் பேரா இருந்தாலும் சரி" என்று எழுதியிருந்தாய். இதோடு அம்மாவின் பதில் இருக்கிறது. இரண்டே வரிதான். இப்போதைக்கு அதற்குமேல் கேட்காதே, போனுக்கு வா என்றும் கூப்பிடாதே. உனக்குத்தான் அவள் குணம் தெரியுமே.

மாப்பிள்ளையிடம் சொல்லி, குளிக்கிற இடத்தில் ரப்பர் விரிப்பு வாங்கிப் போடச் சொல். கதவை உள்ளே தாழ் போடாதே. வெந்நீரில் அதிக நேரம் நிற்காதே, தலை சுற்றும். இதை நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது, தேவி. அப்பா காரணமில்லாமல் சொல்லவில்லை.

உன் பிரசவம் சுகமாக முடிய வேண்டும் என்று இரவு பகலாக வேண்டும்,
அப்பா

(உள்ளே, நான்காக மடித்த கோடு போட்ட தாளில்: "ஹானா, நல்லா சாப்பிடு. குழந்தய எடுத்துக்கிட்டு வா. அம்மா")


ஜாசின்
6 அக்டோபர் 2024

என் மகள் தேவிக்கு,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி. குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் படி. உட்கார்ந்துகொள்.

அம்மா இல்லை, தேவி. இறந்து ஏழு மாதம் ஆகப்போகிறது. மார்ச் மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கொள்ளி நான் வைத்தேன். செர்காம் கடலில் கரைத்தோம். மாப்பிள்ளைக்கு மறுநாளே தெரியும். அவர் மேல் கோபப்படாதே. ஒவ்வொரு மாதமும் எனக்கு மெசேஜ் அனுப்பி, "மாமா, சொல்லிடலாம் மாமா, என்னால முடியல" என்று கெஞ்சினார். விடாமல் பிடித்து வைத்தது நான்.

பிரசவம் வரைக்கும்தான் என்று ஆரம்பித்தேன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி குழந்தை பிறந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பச்சை உடம்பு, பால் வற்றிவிடும் என்று தள்ளினேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் குதித்தாய். தீபாவளிக்கு வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இருபத்தெட்டாம் தேதி வந்து இறங்குகிறோம், நேராக வந்து குழந்தையை அம்மா மடியில் போடுவேன் என்றாய். "அம்மாவே வரச் சொல்லி எழுதினாங்களேப்பா" என்றாய். நல்லதும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வாசலில் இறங்கி, ஓடி வந்து, அம்மா எங்கே என்று நீ கேட்கிற நிலைமைக்கு உன்னை விடக்கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த இரண்டு வரியை எழுதியது அம்மா இல்லை. நான். பழைய பிளானைப் பார்த்துப் புது பிளானில் பிசகாமல் எடுத்து எடுத்துப் பழகிய கை இது. அம்மாவின் மளிகைச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் எழுத்தின் சாய்வு, அழுத்தம் எல்லாம் பார்த்து, ஆறு தாள் வீணாக்கி ஏழாவதில் சரியாக வந்தது. ஹானா என்ற பெயரை உன் அம்மா சாகிறவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதை அவள் கையெழுத்தில் நான் எழுதினேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டாய். அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிவதாகச் சொன்னாயே, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நீ அனுப்பிய புத்தகத்தின் பின்பக்கங்களைப் பிறகுதான் படித்தேன். மனைவி இறந்த பிறகு அந்த ஓவியரும் அவள் பெயரில் தானே ஓர் உயில் எழுதி வைத்தாராம். சொத்துச் சிக்கலுக்குப் பயந்து செய்தார், பிறகு அதுவே பெரிய வம்பாகிவிட்டது. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடி அலமாரி மேல் வைத்தேன். எனக்குச் சொத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் செய்ததைவிட நான் செய்தது மோசம். அவர் செத்தவளின் சொத்தை எழுதினார், நான் செத்தவளின் மன்னிப்பை எழுதினேன்.

இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இதுதான் பெரியது. இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் ஏழு மாதமும் நினைத்தேன்.

உன் போன் மணி அடித்ததும் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள் என்று உனக்குத் தெரியும். நானும் அம்மா குளிக்கிறா என்று சொல்வேன். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் நான் கூடத்தில் உட்கார்ந்து பேசினேன். ஒரு நாள் உன்னோடு பேசிக்கொண்டே தண்ணீர் எடுக்கச் சமையலறைப் பக்கம் போனபோது, குளியலறையில் குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. நான் திரும்பிக் கூடத்துக்கு வந்தால் மறுபடி ஓடியது. அப்போது எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து போனைச் சமையலறை மேஜையில் வைத்து, ஸ்பீக்கர் போட்டுப் பேசினேன். உன் குரல் கேட்டதும் குழாய் நின்றுவிடும். நீ பேசி முடிக்கும் வரைக்கும் உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் இருக்காது. நீ வைத்ததும் கடகடவென்று நாலு குவளை ஊற்றிக்கொண்டு வெளியே வருவாள். பாதி நாள் கண் சிவந்திருக்கும். சோப்பு என்பாள். மூன்று வருடம், தேவி. ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நானும் அவளிடம் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. திறந்திருந்தால் வீம்புக்கு நிறுத்தியிருப்பாள்.

மார்ச் பத்தாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு நீ கூப்பிட்டாய். அம்மா உள்ளே போனாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். குழாய் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் நீ மூன்று மாதம் என்று சொன்னாய். அவளுக்குக் கேட்கட்டும் என்று, "மூணு மாசமா! தாயி, மூணு மாசமா!" என்று வேண்டுமென்றே கத்தினேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. பிடிவாதக்காரி, இந்தச் செய்திக்குக்கூடக் குழாயை மூட மாட்டாளா என்று நினைத்தேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா என்று நீ கேட்டாய். "அம்மா குளிக்கிறாம்மா, அப்புறமா சொல்றேன்" என்றேன். நாற்பத்திரண்டு நிமிடம் பேசினோம். அந்த அழைப்புக் கணக்கு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க முடியவில்லை.

நீ வைத்த பிறகும் நான் கதவைத் தட்டவில்லை. கோபத்தில் கோப்பி கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து என் காலை நனைத்தது. அவள் துண்டு விழுந்து வடிகாலை அடைத்திருந்தது. கதவு தாழ் போடவில்லை, என்றைக்குமே போட மாட்டாள், நீ பேசுவது கேட்க வேண்டுமே. கையால் தள்ளியிருந்தால் திறந்திருக்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இன்னும் சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதனால்தான் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், அது பாதிதான் உண்மை. நீ நாள் கேட்பாய், நேரம் கேட்பாய், கணக்குப் போட்டுவிடுவாய். நாமிருவரும் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது என்று உனக்குத் தெரிந்துவிடும். தப்பு உன் மேல் துளியும் இல்லை. நீ பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாய். நான் பத்தடியில் இருந்தேன். குழாய் நிற்கவில்லை என்றால் மூடக் கையில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்று வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

நீ சொன்ன செய்தி அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியப்போவதில்லை. விழுந்திருக்கும் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. இனி உனக்கு ஒரு பொய்யும் எழுத மாட்டேன்.

இன்னொன்று. மார்ச்சுக்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் நான் முதலில் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்துதான் போனை எடுத்தேன். அம்மா இருந்தபோது உன் குரல் கேட்டதும் அது நின்றுவிடும்தான், ஆனாலும் உனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும் என்று. வைத்த பிறகு போய் மூடுவேன். காலி குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். எத்தனை கேவலமான வேலை பார்.

நீ வயிற்றில் இருந்தபோது அவள் அப்பா செத்ததை மறைத்ததற்காகக் கமலவேணி என்னிடம் சண்டை போடவில்லை. ஆனால் ஏதாவது பேச்சு வந்தால், "எங்கப்பா மூஞ்ச பாக்க விடலயே நீங்க" என்பாள். முப்பது வருடம் சொன்னாள். இனி நீ சொல்வாய். சொல்லு. திட்டு. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

படம் முடியவில்லை. முகம் இன்னும் வரவில்லை. சுவரில் அந்த மஞ்சள் கறைகூடச் சரியாக விழவில்லை, எவ்வளவு குழைத்தாலும் அழுக்காகிவிடுகிறது. உன் ஓவியர் கடைசி நாட்களில் தூரிகை பிடிக்க முடியாமல், சகோதரி மகனைக் கூப்பிட்டு, படத்தின் ஒரு மூலையில் மஞ்சள் வைக்கச் சொன்னாராம். இங்கே கூப்பிட எனக்கு யாரும் இல்லை.

இந்த வருடம் வீட்டில் தீபாவளி கிடையாது. நீ வருவதும் வராததும் உன் விருப்பம். மாப்பிள்ளையின் அத்தாவும் அம்மாவும் குழந்தையைப் பார்க்கத் தவித்துப்போயிருக்கிறார்கள், அவர்களுக்காகவாவது வா. என்னைப் பார்க்க இஷ்டமில்லை என்றால் நான் வாசலுக்கு வரமாட்டேன்.

இதைப் படித்து முடித்ததும், இன்றைக்கு முடியாவிட்டால் என்றைக்காவது, ஒரு தடவை கூப்பிடு கண்ணு. அழுவதானாலும் கூப்பிடு. ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி. போன் சமையலறை மேஜையில்தான் இருக்கிறது. குழாயை இறுக்கி மூடிவிட்டேன். வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

குழந்தைக்கு என் முத்தம். நீ நூறு வயது வாழ வேண்டும்.

அப்பா